கண்ணில் குத்தாத விளக்கு

போன மாதம் கருணாபுரத்தில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தியின் மருமகள் போனில் ஒரு படத்தை நீட்டினாள். வில்லாய் வளைந்த நீளக் கம்பி, நுனியில் பளபளவென்று ஒரு கிண்ணம்.

"இத்தாலி மாடல் அண்ணி. புது வீட்டு ஹாலுக்கு இதேதான் வாங்கணும்."

அந்த விளக்கின் பெயர் ஆர்க்கோ. கஸ்திக்லியோனி சகோதரர்கள் 1962-ல் செய்தது. கூரையைத் துளைக்காமலே சாப்பாட்டு மேஜைக்கு நேர் மேலே வெளிச்சம் விழ வேண்டும். அதற்குத்தான் அந்த வளைவு. தெருவிளக்கைப் பார்த்து வந்த யோசனை. சாயாமலிருக்க அடியில் ஏறத்தாழ 65 கிலோ சலவைக்கல். அதில் ஓர் ஓட்டை உண்டு. அழகுக்கென்று நினைத்துவிடாதீர்கள், துடைப்பக் கட்டையைச் செருகி இரண்டு பேராகத் தூக்கி நகர்த்த! இதைத் தெரிந்துகொண்டதும் அந்த அண்ணன் தம்பி மேல் எனக்குத் தனி மரியாதையே வந்துவிட்டது. ஆனால் சகோதரிகளே, அடிப்பாகம் கனமில்லாத மலிவு நகலை வாங்கி வைத்தால், குழந்தை பிடித்து இழுத்த அன்றைக்குத் தெரியும் சேதி.

சித்தி குறுக்கிட்டார். "இருக்கிற விளக்கே கண்ணைக் கூசுது. இன்னொண்ணு எதுக்குடி?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஹால் சுவரில், கண் மட்டத்தில், மூடியில்லாத வெள்ளை பல்பு. பின்கட்டுப் படியிலோ கும்மிருட்டு. தை மாதம் ராத்திரி அந்தப் படியில்தான் கால் தவறி, மணிக்கட்டில் ஆறு வாரம் மாவுக்கட்டு.

கண் மங்குகிறது என்று சித்தி சொன்னபோது வீடே பதறிப்போயிற்றாம். பதறாதா? 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபது பேருக்கு மேல் பலி வாங்கிய ஊராயிற்றே. மெத்தனால் உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். பார்வை மங்குவதை இங்கே யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. நல்ல வேளை, சித்திக்கு வெறும் புரைதான். ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று.

அறுபது வயதுக் கண்ணுக்குள், இருபது வயதில் போன வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் போகும். ஆகவே வெளிச்சம் கூடுதலாக வேண்டும், ஆனால் பல்பு கண்ணில் படக்கூடாது. மாஜிஸ்த்ரெத்தி என்ற இத்தாலியர் 1965-ல் 'எக்லிஸ்ஸே' என்று ஒரு சின்ன விளக்கு செய்தார். கிரகணம் என்று அர்த்தம். உள்ளே இருக்கும் உறையைத் திருப்பினால் கிரகணம் பிடித்த மாதிரி பல்பு மறைந்துகொண்டே போகும். 'ஏழை படும் பாடு' படத்தின் மூல நாவலில் வருகிற மூடு விளக்குதான் இதற்குத் தூண்டுகோலாம்.

சித்தி சிரித்தார். "நீ குழந்தையா இருக்கறப்ப மூஞ்சியிலே வெளிச்சம் படக்கூடாதுன்னு அரிக்கேன் சிம்னியிலே போஸ்ட் கார்டு செருகி வைப்பேனே, அதுதானே?"

அதேதான்!

மறுநாளே எலக்ட்ரீஷியன் வந்தார். ஹால் பல்பு மேலே ஏறி, ஒரு மூடியும் போட்டுக்கொண்டது. படியருகே முழங்கால் உயரத்தில் மஞ்சள் வெளிச்சம் தரும் சின்ன விளக்கு, கீழ்நோக்கி. படி விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளைப் பெயிண்ட். படுக்கையிலிருந்தே கைக்கெட்டும் இடத்தில் ஸ்விட்ச்.

ஆர்க்கோ என்னவாயிற்று என்கிறீர்களா? "வேண்டாம் அண்ணி" என்றாள் மருமகள். வீட்டில் துடைப்பக் கட்டை இருக்கிறதாம், மறுமுனையைப் பிடிக்கத்தான் ஆள் இல்லையாம்.