ஒரே மார்ச் மாதம், இரண்டு கதவுகள்

2018 மார்ச். ஆஸ்திரேலியாவின் பிலோயலா என்ற சிற்றூரில் விடிகாலையில் கதவைத் தட்டி ஓர் ஈழத்தமிழ்க் குடும்பத்தை அள்ளிக்கொண்டு போனார்கள். இரண்டு பெண் குழந்தைகளும் ஆஸ்திரேலியாவிலேயே பிறந்தவர்கள். அதே மாதம்தான் உள்துறை அமைச்சர் பீட்டர் டட்டன், தென்னாப்பிரிக்க வெள்ளை விவசாயிகளுக்கு நம்மைப் போன்ற நாகரிக நாடு உதவ வேண்டும் என்று உருகினார். இதைவிடப் பச்சையாகச் சொல்ல முடியுமா?

இது சட்டம்ங்க, நிறம் இல்ல என்பார்கள். 1901 சட்டத்திலும்தான் நிறம் இல்லை. ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொல் சொல்வார்கள், கேட்டு எழுத வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரி இஷ்டம். வேண்டாதவன் தேறவே மாட்டான். 1958 வரை இந்தக் கூத்து சட்டத்தில் இருந்தது.

பிலோயலாக்காரர்கள் கோட்பாடு பேசவில்லை. எங்க ஊர்ப் பிள்ளைங்கள திருப்பிக் கொடு என்றார்கள். கையெழுத்து வாங்கினார்கள், எம்.பி.க்களை நச்சரித்தார்கள். 2019இல் நாடுகடத்தப் பறந்த விமானத்தை நீதிமன்றத் தடை டார்வினில் இறக்கியது. அப்புறம் கிறிஸ்துமஸ் தீவு. ஆட்சி மாறி, 2022இல்தான் ஊர் திரும்பினார்கள்.

நாமும் ஃபேஸ்புக்கில் கொண்டாடினோம். ஆனால் விசா வந்தது அமைச்சரின் தனி அதிகாரத்தால். சட்டம் அசையவில்லை. படகில் வந்து தற்காலிக விசாவில் வருடக்கணக்காகத் தொங்கிய ஆயிரக்கணக்கானோருக்கு அப்படியோர் ஊரும் இல்லை, ஹேஷ்டேக்கும் இல்லை. 'நாங்க முறையா விசா எடுத்து வந்தோம்' என்று ஒதுங்கும் சொந்தங்களே, ஓட்டு உங்கள் கையில் இருக்கிறது. இவர்களுக்காக உங்கள் தொகுதி எம்.பி.க்குக் கடைசியாக எப்போது எழுதினீர்கள்?