பட்டியலில் இல்லாத மருந்து

சிவகாசியில் 'மருந்து' என்ற சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டு. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பவுடரும் சேர்ந்த கலவைக்குத்தான் அங்கே அந்தப் பெயர். மருந்து கலக்குபவர், மருந்து செலுத்துபவர், மருந்து அறை என்று ஒரு தொழிலே அந்தச் சொல்லைச் சுற்றி நடக்கிறது. அந்த மருந்தில் நாள் முழுக்கக் கைவைத்தவர் இருமலோடும் அரிப்போடும் ஆஸ்பத்திரிக்கு வந்தால், இப்போது அவர் கையில் ஒரு நீளக் காகிதத்தையும் கொடுத்து அனுப்புகிறார்கள். ஒவ்வாமைப் பரிசோதனை முடிவு. வீட்டுத் தூசி பாசிட்டிவ், கரப்பான்பூச்சி பாசிட்டிவ், கத்திரிக்காய் பாசிட்டிவ், இறால் பாசிட்டிவ். பக்கம் பக்கமாக நீளும் அந்தப் பட்டியலில் அவர் அன்றாடம் மூச்சில் இழுக்கும் பொடி ஒன்றுகூட இருக்காது.

இந்தக் காகிதத்தின் பூர்வீகம் இங்கிலாந்தின் மான்செஸ்டர். அந்நகர மருத்துவர் சார்லஸ் பிளாக்லி, புல் பூக்கும் பருவம் வந்தாலே தும்மலில் அவதிப்பட்டவர். தன் கைத்தோலை லேசாகச் சுரண்டி, அதன்மேல் மகரந்தத்தை வைத்துப் பார்த்தார். தோல் தடித்து அரித்தது. உயரே காற்றில் மகரந்தம் மிதக்கிறதா என்று அறியப் பட்டமும் விட்டார். 1873இல் அவர் வெளியிட்ட நூலிலிருந்து இன்றைய தோல் குத்துச் சோதனை வரை வழி நேராகவே வருகிறது. ஆனால் பிளாக்லிக்குத் தன் நோய் சோதனைக்கு முன்பே தெரியும். எந்த மாதம் வரும், எந்த வயலோரம் நடந்தால் வரும் என்று கணக்கு வைத்திருந்த பிறகுதான் தோலைச் சுரண்டினார். இன்று அந்த வரிசை தலைகீழாகிவிட்டது. ஊசி குத்தி ரத்தம் எடுத்த பிறகுதான், சில சமயம் அப்போதும்கூட இல்லை, "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்ற கேள்வி வருகிறது.

1906இல் வியன்னாவில் கிளெமென்ஸ் வான் பிர்க்கே 'அலர்ஜி' என்ற சொல்லை உண்டாக்கினார். ஒரு பொருளை முன்பே சந்தித்த உடல், அடுத்த முறை வேறு விதமாக நடந்துகொள்கிறது என்பதே அவர் அதில் வைத்த பொருள். 1921இல் ஜெர்மனியில் பிரவுஸ்னிட்ஸ், மீன் ஒத்துக்கொள்ளாத தன் சக ஆய்வாளர் கியூஸ்ட்னரின் ரத்தநீரைத் தன் தோலில் ஏற்றி, மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தினார். மீன் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாத அவருடைய தோல் தடித்தது. அந்த ரத்தநீரில் இருந்தது என்ன என்று தெரிய இன்னும் நாற்பத்தைந்து ஆண்டு ஆனது. 1966இல் அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியும், அதையொட்டி சுவீடனில் யோஹான்சன், பென்னிக் இருவரும் கண்டறிந்த அந்தப் புரதத்துக்கு 1968இல் 'ஐஜிஇ' என்று பெயர் நிலைத்தது. பிறகுதான் ஒரு குழாய் ரத்தத்தில் எல்லாவற்றையும் தேடும் காலம் பிறந்தது.

தேடிக் கிடைப்பது என்ன? இந்தப் பொருளுக்கென்று உடல் ஐஜிஇயைத் தயார் செய்துவைத்திருக்கிறது என்ற செய்தி மட்டுமே. தயாராக இருக்கும் எல்லா உடலும் நோயில் விழுவதில்லை. இறால் பாசிட்டிவ் என்று வந்தும் வாழ்நாளெல்லாம் இறால் தின்று சுகமாக இருப்பவர்கள் நிறைய. தோல் சோதனையில் பதினைந்து, இருபது நிமிடத்தில் எழும் தடிப்பு, வெறும் உப்புநீர் குத்திய இடத்தைவிட 3 மில்லிமீட்டராவது பெரிதாக இருந்தால் பாசிட்டிவ். அந்தக் காகிதத்தில் முதலில் பார்க்க வேண்டியது ஹிஸ்டமின் என்ற வரி. அது குத்திய இடம் தடித்திருக்க வேண்டும். தடிக்கவில்லை என்றால் அவர் முந்தின நாட்களில் அரிப்பு மாத்திரை போட்டிருக்கலாம். பிறகு கீழே உள்ள நெகட்டிவ் எதையும் நம்ப முடியாது. ரத்தச் சோதனையில் 0.35 என்று ஒரு எல்லை போட்டிருப்பார்கள். அது பழைய கருவியால் அளக்க முடிந்த அளவு. நோய் தொடங்கும் இடமென்று யாரும் அதைக் குறிக்கவில்லை. எண் கூடக் கூட ஒவ்வாமை இருக்கும் வாய்ப்பு கூடும், அவ்வளவுதான். வந்தால் எவ்வளவு கடுமையாக வரும் என்பதை அந்த எண் சொல்லாது. மொத்த ஐஜிஇ அளவோ வயிற்றுப் புழுவாலும் ஏறும். வெறுங்காலோடு கரிசலில் நடந்து வளர்ந்தவர்களிடம் அந்த எண்ணை மட்டும் காட்டிப் பயமுறுத்துவது நியாயமில்லை.

சோற்றுத் தட்டுக்கு நேர்வதுதான் எனக்கு அதிக வருத்தம். கத்திரிக்காய், கருவாடு போன்றவற்றைக் 'கரப்பான் பண்டம்' என்று ஒதுக்கிப் பத்தியம் இருக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்தப் பத்தியம் சில வாரங்களுக்கு. புண் ஆறினால் பண்டம் தட்டுக்குத் திரும்பிவிடும். ஆய்வகக் காகிதம் விதிக்கும் பத்தியத்துக்கோ முடிவு தேதியே இல்லை. இதில் ஐஜிஜி என்ற வேறொரு புரதத்தை அளந்து நூறு உணவுக்குத் தீர்ப்பு சொல்லும் சோதனையும் விற்கிறது. உணவு ஒவ்வாமையைக் கண்டறிய அது உதவாது, தின்ற உணவை உடல் பழகிக்கொண்டதன் அடையாளமாகவே அது எழுகிறது என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் அமைப்பு 2008இலேயே சொல்லிவிட்டது. பள்ளியில் சோறு போட்ட காமராஜர் பிறந்த விருதுநகரில், ஒரு காகிதத்தை நம்பிக் குழந்தையின் தட்டிலிருந்து சத்துணவு முட்டையை எடுப்பது பெரிய இழப்பு.

சோதனையே வீண் என்று சொல்லவில்லை. முட்டை தின்ற சில நிமிடங்களில் உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டிய குழந்தைக்கு அந்த பாசிட்டிவ் உயிர் காக்கும் செய்தி. 1877இல் இந்திய மண்ணுக்கு வந்து இன்று நம் கண்மாய்க் கரைகளை அடைத்து நிற்கும் சீமைக்கருவேலின் மகரந்தம் ஒவ்வாமை உண்டாக்குவதும் உண்மை. அது பூக்கும்போது தும்மல் பிடிப்பவருக்கு இந்தச் சோதனை சரியான விடை தரும். அங்கே அனுபவமும் காகிதமும் ஒன்றையே சொல்கின்றன.

சிவகாசியின் தொழிலோடு சேர்த்துப் பார்த்தால் இன்னொரு குறை தெரியும். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டி லேபிளுக்காக அச்சகம் வந்தது, பிறகு பட்டாசு வந்தது. வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியை 1913ஆம் ஆண்டுச் சட்டம் முன்பே தடுத்துவிட்டதால், தாடை எலும்பை அரிக்கும் அந்தக் கொடுமை இந்த ஊருக்கு வரவில்லை. ஆனால் குச்சி மருந்தில் பொட்டாசியம் டைகுரோமேட் இருந்தது. பழைய லித்தோ அச்சில் தட்டு தயாரிக்கவும் டைகுரோமேட் உப்புகள்தான். தீப்பெட்டி ஆபீசிலும் அச்சாபீசிலும் தோலை வெடிக்கவைக்கக்கூடிய பொருள் ஒன்றே. அதற்கு எதிராக உடலில் ஐஜிஇ எழுவதில்லை. வெள்ளை அணுக்கள் மெதுவாகக் கிளம்புகின்றன. எனவே ரத்தச் சோதனையும் குத்துச் சோதனையும் 'நெகட்டிவ்' என்றே சொல்லும். 1895இல் யாடசோன் என்ற தோல் மருத்துவர் தொடங்கிவைத்த ஒட்டுச் சோதனையில், பொருளை முதுகில் ஒட்டி இரண்டு நாள் கழித்தும், மறுபடி நான்காம் நாளிலும் பார்த்தால்தான் அது தெரியும். 1950களில் புனே அருகே கண்ணில் பட்டு இன்று கரிசல் வரப்பெல்லாம் நிற்கும் பார்த்தீனியத்தால் முகமும் கழுத்தும் கறுத்துத் தடிக்கும் விவசாயிக்கும் இதே ஒட்டுச் சோதனைதான்.

பட்டாசுப் பொடியும் புகையும் இதற்கும் வெளியே நிற்கின்றன. கந்தகப் புகை மூச்சுக்குழாயை நேரடியாக எரிக்கிறது. அதற்கு உடலின் நினைவு தேவையில்லை, ஆகவே எந்த ஒவ்வாமைச் சோதனையிலும் அது பாசிட்டிவ் வராது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஜெர்மனியில், நுண்ணிய அலுமினியப் பொடி செய்த ஆலைத் தொழிலாளர்களின் நுரையீரல் தழும்பேறியதை மருத்துவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அதுவும் ஒவ்வாமைப் பட்டியலுக்குள் வராது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம்கூட, வேதிப்பொருளால் வரும் தோல் நோயை அறிவிக்க வேண்டிய நோய்களில் சேர்த்தபோது, எரிப்பவை, ஒவ்வாமை தருபவை என்று இரண்டாகவே பிரித்தது. சட்டத்துக்குத் தெரிந்த வேறுபாட்டைக் காகிதம் மறைத்துவிடுகிறது. வீட்டுத் தூசி பாசிட்டிவ் என்று கண்டதும் பழி வீட்டுக்குப் போகிறது. மனைவி தலையணை உறையைத் துவைக்கிறார். மருந்து அறையில் எதுவும் மாறுவதில்லை.

டெல்லிக் குழந்தைகள் மூவர் பெயரில் பட்டாசுப் புகைக்கு எதிராக 2015இல் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2018இல் பட்டாசில் பேரியம் உப்புகளைத் தடுத்தது. வெடித்தபின் எழும் புகைக்காக நாடு இவ்வளவு வாதாடியது. வெடிக்கும் முன் அந்தப் பொடியைக் கையாள்பவரின் மூச்சுக்கும் அதே அக்கறை வேண்டும். ஆலை விபத்து மறுநாள் செய்தியாகிறது. இருமல் எந்த நாளிலும் செய்தியாவதில்லை.

வேலையால் வரும் மூச்சுத்திணறலைப் பிடிக்கும் சோதனை விலை குறைந்தது. பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறு பிளாஸ்டிக் குழல். முழு மூச்சையும் இழுத்து வேகமாக ஊதினால் ஓர் எண் காட்டும். எழுந்ததும், வேலை நடுவில், வீடு திரும்பியதும், படுக்கும் முன்பும் ஊத வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் ஊத வேண்டும், பங்குனிப் பொங்கல் விடுமுறையிலும் ஊத வேண்டும். விடுமுறையில் எண் ஏறி, ஆபீஸ் திறந்ததும் இறங்கினால் சந்தேகம் வேலையிடத்தின்மேல்தான். தனி நோட்டுக்கூடத் தேவையில்லை. சிவகாசியில் அச்சாகி எல்லா வீட்டுச் சுவரிலும் தொங்கும் காலண்டரில், அந்தந்தத் தேதிக் கட்டத்துக்குள் எழுதிவந்து டாக்டரிடம் காட்டலாம்.