பொருட்கள் பெருகுகின்றன, மகிழ்ச்சி பெருகுகிறதா?

ரூ லூயி-பிளாங்கில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் நடந்து போனால் எம்மவரின் ஆசைகள் பலவற்றைக் கண்ணாடிக்குப் பின்னால் காணலாம். நகைக்கடை, புடைவைக்கடை, புதிய கைத்தொலைபேசிகளை அடுக்கி வைத்திருக்கும் கடை. ஒரு பையுடன் அகதிகளாக வந்திறங்கிய நாம் இன்று இவற்றை வாங்கக்கூடிய நிலைக்கு உயர்ந்திருப்பது பெருமைக்குரிய விடயமே.

ஆயினும் மருத்துவர்களாகிய எம்மிடம் வருவோரின் முறைப்பாடுகளைக் கேட்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. நித்திரை வருவதில்லை, தலையிடி, நாரிப்பிடிப்பு, சீனி வருத்தம் கட்டுப்படவில்லை என்கிறார்கள். எத்தனை மணித்தியாலம் வேலை என்று கேட்டால், இரண்டு வேலை என்கிறார்கள். ஏன் இரண்டு வேலை என்று கேட்டால் வீட்டுக்கடன், கார்க்கடன், சீட்டுக்காசு, மகளின் சாமத்தியவீடு என்று பதில் வருகிறது. வீட்டில் பொருள் கூடக்கூட மனதில் நிம்மதியும் கூடுகிறதா?

எமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உண்மையான தேவை ஒன்றைத் தீர்க்கும் பொருள் நீண்டகாலம் சந்தோசம் தரும். அடுத்தவர் பார்க்கவேண்டும் என்பதற்காக வாங்கும் பொருளின் சந்தோசம் சில வாரங்களில் தீர்ந்துவிடும். கடன் மட்டும் மாதாமாதம் தொடரும்.

வறுமை இனிமையானதல்ல

"ஊரில் ஒன்றுமே இல்லாமல் எவ்வளவு சந்தோசமாக இருந்தோம்" என்று சொல்வது எம்மிடையே வழக்கம். இதில் பாதிதான் உண்மை. 1990இல் யாழ் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையால் பற்றரியும் எரிபொருளும் கிடைக்கவில்லை. ஜாம் போத்தலில் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு 'சிக்கன விளக்கு' செய்து அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். வானொலி ஒரு வீட்டுக்குச் சொந்தம், செய்தி கேட்டது ஒழுங்கை முழுவதும். அந்தக் கூட்டத்தையும் கதையையும்தான் நாம் இன்று 'சந்தோசம்' என்று நினைவில் வைத்திருக்கிறோம்.

ஆனால் அதே தடை மருந்தையும் அரிதாக்கியது. குளிர்சாதனப் பெட்டி இயங்காத வீட்டில் இன்சுலினைக் கெடாமல் வைத்திருப்பது பெரும்பாடு. ஆகவே இல்லாமையைப் புகழ்வதில் எமக்கு உடன்பாடில்லை. அந்த நாட்களில் ஒரு வானொலி, ஒரு சைக்கிள், ஒரு போத்தல் மண்ணெண்ணெய் ஆகியவை எவ்வளவு மதிப்புள்ளவையாக இருந்தன என்பதையே நினைவூட்ட விரும்புகிறோம். தேவையை நேராகத் தீர்த்ததால் அவற்றுக்கு அந்த மதிப்பு வந்தது.

ஆய்வுகள் சொல்வது

மனித மனம் எதற்கும் பழகிக்கொள்ளும். 1978இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, அதிர்ஷ்டலாபச் சீட்டில் பெருந்தொகை வென்றவர்களைச் சாதாரண மக்களுடன் ஒப்பிட்டது. வென்றவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மகிழ்ச்சியாக இருக்கவில்லை. அன்றாடச் சின்னச் சின்ன விடயங்களில் அவர்கள் கண்ட இன்பம் மற்றவர்களைவிடக் குறைவாகவும் இருந்தது. இது சிலரையே கேட்டுச் செய்த சிறிய ஆய்வு. 2020இல் வெளியான பெரிய சுவீடன் ஆய்வு, பெருந்தொகை வென்றவர்களின் வாழ்க்கைத் திருப்தி பல வருடங்களுக்குப் பின்னரும் சற்று உயர்ந்தே இருந்தது எனக் காட்டியது. பணக்கவலை நீங்கினால் மனம் ஆறுதலடையும் என்பது அனுபவத்திலும் நாம் அறிந்ததே. கடன்பட்டுப் பொருள் வாங்கும்போது அந்த ஆறுதலைத்தான் முதலில் விற்றுவிடுகிறோம்.

இன்னோர் ஆய்வு எமக்கு நெருக்கமானது. 2008இல் கனடாவில் காலையில் சிலரிடம் 5 அல்லது 20 டொலர் கொடுத்து, ஒரு பகுதியினரைத் தமக்காகவும் மறுபகுதியினரைப் பிறருக்காகவும் செலவிடச் சொன்னார்கள். மாலையில் பிறருக்காகச் செலவிட்டவர்களே கூடுதல் மகிழ்ச்சியுடன் இருந்தார்கள். தொகை பெரிதா சிறிதா என்பது பொருட்டாக இருக்கவில்லை. ஊருக்குப் பணம் அனுப்பிய எமக்கு இது புதினமல்ல. ஆனால் விரும்பிக் கொடுப்பது வேறு, "அவர் அவ்வளவு கொடுத்தார், நாமும் கொடுக்கவேண்டும்" என்று கொடுப்பது வேறு. இரண்டாவது வகை நித்திரையைக் கெடுக்கும்.

பெரிய தொலைக்காட்சியும் சிறிய கருவியும்

பல வீடுகளில் நாம் காண்பது இது. அம்மாவுக்குக் காது மந்தம். பிள்ளைகள் பாசத்தோடு சுவர் அளவு தொலைக்காட்சி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அம்மா சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு தனியே இருக்கிறார், வீட்டுக் கதையில் கலந்துகொள்வதில்லை. காது கேட்கும் கருவி வாங்குவோம் என்றால் "சபையில் நாலுபேர் பார்ப்பார்கள்" என்று மறுக்கிறார்.

பிறர் பார்க்கவேண்டும் என்று ஒன்றை வாங்குகிறோம், பிறர் பார்ப்பார்கள் என்று இன்னொன்றை விட்டுவிடுகிறோம். பேரப்பிள்ளையின் குரலைத் திருப்பித் தருவது அந்தச் சிறிய கருவிதான். பிரான்ஸில் 2021 முதல் '100% சாந்தே' திட்டத்தின் கீழ், மியூத்துவெல் எனப்படும் மேலதிகக் காப்புறுதி அல்லது குறைந்த வருமானத்தினருக்கான அரச மேலதிகக் காப்புறுதி உள்ளவர்கள், இத்திட்டத்தில் அடங்கும் கருவிகளைக் கையிலிருந்து பணம் கொடுக்காமல் பெறலாம். வாங்குமுன் குறைந்தது 30 நாள் பாவித்துப் பார்க்கவும் உரிமை உண்டு. கேட்கும் திறன் குறைவதைக் கவனிக்காமல் விடுவது முதுமையில் மறதிநோய்க்கு ஆளாகும் அபாயத்தைக் கூட்டும் என்பதையும் மறக்கவேண்டாம். குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள்.

கைத்தொலைபேசி

1990களில் லாச்சப்பலில் தொலைபேசி அட்டை வாங்கி, நிமிடங்களை எண்ணி எண்ணிக் கதைத்தோம். மறுமுனையில் கொழும்பிலோ வவுனியாவிலோ ஒரு 'கொமினிக்கேசன்' கடையில் உறவினர் காத்திருப்பார்கள். இன்று முகம் பார்த்து, செலவின்றிக் கதைக்கலாம். இது பெரிய வரம். ஆனால் ஊரிலுள்ள அம்மாவோடு கதைக்கும் அதே கருவிதான் பக்கத்தில் இருக்கும் பிள்ளையோடு கதைக்க விடாமலும் செய்கிறது. மற்றவர்களின் புது வீட்டையும் விருந்தையும் நடுச்சாமம்வரை பார்த்துப் பெருமூச்சு விடுகிறோம். நித்திரை குறைந்தால் இரத்த அழுத்தமும் சீனியும் ஏறும். எம்மவருக்கு நீரிழிவு இளவயதிலேயே, அதிக பருமன் இல்லாமலே வருகிறது என்பதால் இது சிறிய விடயமல்ல.

பிள்ளைகளைப் பொறுத்தவரை, 2024இல் பிரெஞ்சு ஜனாதிபதியிடம் கையளிக்கப்பட்ட நிபுணர் அறிக்கை தெளிவாகச் சொன்னது: 3 வயதுக்கு முன் திரையே வேண்டாம், 11 வயதுக்கு முன் கைத்தொலைபேசி வேண்டாம், 13 வயதுக்கு முன் இணையம் உள்ள தொலைபேசி வேண்டாம். "வகுப்பில் எல்லோரிடமும் இருக்கிறது" என்பது நல்ல காரணமல்ல.

நாம் என்ன செய்யலாம்?

வாங்குமுன் மூன்று கேள்விகள் கேட்போம். இது எந்தத் தேவையைத் தீர்க்கிறது? ஒருவரும் பார்க்கமாட்டார்கள் என்றாலும் இதை வாங்குவோமா? இதற்காக எத்தனை ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யவேண்டும்? வாங்கிய தொலைபேசியைச் சாப்பாட்டு மேசைக்கும் படுக்கைக்கும் கொண்டுபோகாமல் இருப்போம்.

கடன் ஏற்கெனவே கழுத்தை நெரித்தால் அதை அடைக்க இன்னொரு கடன் எடுக்காதீர்கள். பான்க் து பிரான்ஸில் கடன்சுமைக்கான விண்ணப்பத்தை இலவசமாகக் கொடுக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லாமல், மனம் சோர்ந்திருந்தால் வைத்தியரைப் பாருங்கள், கடனைப் பற்றியும் சொல்லுங்கள். அது வெட்கத்துக்குரிய விடயமல்ல, வைத்தியத்துக்குத் தேவையான தகவல். உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் 3114 என்ற இலவச இலக்கத்தை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.

எமது கடைத்தெருவுக்குப் பெயர் தந்த லூயி பிளாங்கும் ஓர் அகதியே. 1848இல் நாட்டைவிட்டு வெளியேறி, 1870வரை இங்கிலாந்தில் வாழ்ந்தவர். ஒவ்வொருவரும் தத்தம் திறனுக்கு ஏற்ப உழைத்து, தேவைக்கு ஏற்பப் பெறவேண்டும் என்பது அவர் கொள்கை. உழைப்பதில் எம்மவர் எவருக்கும் குறைந்தவர்களல்லர். எமது தேவை எது என்பதை அயலவரிடம் விட்டுவிடாமல் நாமே தீர்மானிப்போம்.