வண்டி நவம்பர் 30 வரைக்கும்தான், மார்கழி டிசம்பர் 16ல் பிறக்குது

 

பதிவு கொஞ்சம் நீளம். ஒரு காப்பி கலக்கிக்கிட்டு உட்கார்ந்து படிங்க. முக்கியமா நம்ம கோவிலுக்கு கார்ல வர்ற அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கச்சிங்க கடைசி வரைக்கும் படிக்கணும். உங்ககிட்ட ஒரு விஷயம் கேட்கத்தான் இதை எழுதுறோம்.

எங்க வண்டியைப் பலர் பார்த்திருப்பீங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோவில் வாசல்ல நின்னு எங்க அம்மாவையும் இன்னும் மூணு பாட்டிமாரையும் இறக்கி விடுமே, அந்த சாம்பல் கலர் பழைய கார். அது இந்த மாசம் 30ஆம் தேதி வரைக்கும்தான். 2010ல் பதிவான வண்டி. முதல் சொந்தக்காரர் 2020ல் சிஓஇ-யை 5 வருஷத்துக்குப் புதுப்பிச்சார். 5 வருஷத்துக்குப் புதுப்பிச்சா மறுபடி நீட்டிக்க முடியாது, அது சிங்கப்பூர்ல கார் வச்சிருக்கிற எல்லாருக்கும் தெரியும். தேதி முடியறதுக்குள்ள பதிவை ரத்து செஞ்சு ஸ்கிராப் யார்டுல விட்டுடணும். கடைசி ஒரு வருஷம் மிச்சம் இருக்கும்போது, போன வருஷம் நவம்பர் கடைசியில நாங்க வாங்கினோம். ஒரே ஒரு வருஷம்னு தெரிஞ்சேதான் வாங்கினோம்.

ஏன் வாங்கினோம்னு சிலர் கேட்டாங்க. அம்மாவுக்கு 81 வயசு. முட்டி ரெண்டும் போச்சு. உடம்புல தெம்பு இருக்கும்போதே சிங்கப்பூர்ல இருக்கிற கோவிலையெல்லாம் ஒரு சுத்து பார்த்துடணும்னு ரொம்ப நாளா ஆசை. புதுக் கார் வாங்குறது எங்க சம்பளத்துக்கு நடக்காத காரியம். 2023 அக்டோபர்ல சின்னக் காருக்கான சிஓஇ மட்டுமே 1 லட்சம் வெள்ளியைத் தாண்டுச்சு. துவாஸ்ல சூப்பர்வைசர் வேலை பார்க்கிற குடும்பம் அந்தக் காசுக்கு எங்க போகும்? அதனால ஒரு வருஷ வண்டி.

அம்மா ஆசை நிறைவேறுச்சு. சாங்கி வில்லேஜ் ராமர் கோவில், சுங்கை காடுட் அரசகேசரி சிவன் கோவில், டெப்போ ரோடு ருத்ர காளியம்மன், தோ பாயோ வைரவிமட காளியம்மன், கல்லாங் ரோடு மன்மத காருணீஸ்வரர், இப்படி ஒரு ஞாயிறுக்கு ஒண்ணு, ரெண்டுன்னு போனோம். சக்கர நாற்காலியை மடிச்சு பின்னால வச்சுக்கிட்டா அம்மா ராணி மாதிரி முன் சீட்டுல உட்கார்ந்துக்குவாங்க. வழியில அந்தக் கால கதையெல்லாம் சொல்லுவாங்க. அதை நினைச்சா இப்பவும் மனசு நிறையுது. அதுக்கு அம்மனுக்கு நன்றி.

ஆனா இந்தப் பதிவு அதைப் பத்தி இல்லை.

வண்டி வாங்கின புதுசுல நம்ம கோவில்லதான் பூசை போட்டோம். மாலை, சந்தனம், குங்குமம், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். ஐயர் கற்பூரம் காட்டினார். 14 வயசு வண்டிக்கு இவ்வளவு அலங்காரமான்னு பையன் சிரிச்சான். எங்களுக்கு என்னமோ பெருமைதான். 50 வயசைத் தாண்டி முதல் கார் இல்லையா!

அடுத்து மார்கழி பிறந்துச்சு. உங்களுக்குத் தெரியும், நம்ம கோவில்ல மார்கழி பூசை காலையில 5 மணிக்கு. அந்த நேரத்துல எம்ஆர்டி ஓடாது, பஸ்ஸும் கிடையாது. டிசம்பர்ல சிங்கப்பூர் மழையைப் பத்தி சொல்லவே வேணாம். ரெண்டாவது வாரத்துல ஒரு நாள், 4.40 இருக்கும், நல்ல மழை. அம்மாவையும் ஏத்திக்கிட்டு போய்க்கிட்டு இருக்கோம். எங்க வீட்டுலேர்ந்து மூணு புளோக் தள்ளி இருக்கிற பாட்டி ஒருத்தர் பஸ் ஸ்டாப்புல உட்கார்ந்திருந்தாங்க. கையில குடை, மடியில பால் தூக்கு. வருஷா வருஷம் மார்கழியில அவங்க நடந்தே வர்றவங்க. வயசானவங்க நடைக்கு 25 நிமிஷம் ஆகும். நடுவுல களைச்சு அங்க உட்கார்ந்திருக்காங்க.

நாங்க பார்த்தோம். ரெண்டு பேருமே பார்த்தோம். வண்டியை நிறுத்தல. பூசைக்கு நேரமாச்சு, மழையில இறங்கி ஏத்தி அது இதுன்னு லேட்டாயிடும், அப்படின்னு மனசு ஒரு சாக்கு சொல்லுச்சு. பின் சீட்டுல ரெண்டு பேர் உட்காரலாம். காலியா இருந்துச்சு.

அந்தப் பாட்டி கோவிலுக்கு வந்து சேரும்போது அபிஷேகம் முடிஞ்சிருச்சு. சேலை முழங்கால் வரைக்கும் நனைஞ்சிருந்துச்சு. பாலை ஐயர்கிட்ட கொடுத்துட்டு எங்ககிட்ட வந்து, “அம்மாவை மழையில கூட்டிட்டு வந்தீங்களாப்பா, தலை நனையலையே?” அப்படின்னு கேட்டாங்க. எங்க கார் அவங்களைத் தாண்டிப் போனதை அவங்க பார்த்தாங்களா இல்லையான்னு இன்னி வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. நாங்களும் கேட்கல. அன்னிக்கு பிரசாதம் தொண்டையில இறங்கல.

வண்டிக்கு நாலு எலுமிச்சம்பழம் வச்சு பூசை போட்டதுக்கு என்ன அர்த்தம்னு அன்னிக்குத்தான் யோசிச்சோம். நமக்கு விபத்து நடக்கக்கூடாது, கண்ணு படக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டோம். நம்ம வண்டி இன்னொருத்தருக்கு உதவணும்னு வேண்டிக்கல.

மறுநாள் 4.30க்கு அவங்க புளோக் கீழ்த்தளத்துல போய் நின்னோம். அப்படித்தான் ஆரம்பிச்சது. அந்தப் பாட்டி தன் தோழி ஒருத்தரைச் சொன்னாங்க. அவங்க இன்னொருத்தரைச் சொன்னாங்க. தை பிறந்ததும் வெள்ளிக்கிழமைக்கு மாத்திக்கிட்டோம். அம்மாவோட சேர்த்து நாலு பேர், ஓட்டுறவர் ஒருத்தர், வண்டி ஃபுல். அதனால எங்கள்ல ஒருத்தர் வண்டி ஓட்ட, இன்னொருத்தர் பஸ்ல வருவோம். கார் இருந்தும் பஸ்ல வர்றீங்களேன்னு சில பேர் கேட்டது இதனாலதான்.

எல்லாம் சுகமா போச்சுன்னு சொல்ல மாட்டோம். ஆடி வெள்ளிக்கு ஒருத்தர் கொண்டு வந்த பால் தூக்கு பின் சீட்டுல கவிழ்ந்திடுச்சு. நம்ம ஊர் வெயிலுக்கு மூடி வச்ச கார்ல பால் சிந்தினா என்ன ஆகும்! மூணு நாள் கண்ணாடியைத் திறந்து வச்சுதான் ஓட்டினோம். பையன் ஏறவே மாட்டேன்னுட்டான். சொன்ன நேரத்துக்கு கீழே வராம நாங்க போன் மேல போன் போட்ட நாளும் உண்டு. 2 வெள்ளி, 5 வெள்ளி கையில திணிப்பாங்க. வாங்கக்கூடாதுன்னு முடிவு பண்ணி, உண்டியல்ல போட்டுடுங்க பாட்டின்னு சொல்லிடுவோம். அலுப்பா இருந்த வெள்ளிக்கிழமையும் இருந்துச்சு. பேக்டரியில ஓவர்டைம் பார்த்துட்டு வந்து, இன்னிக்கு வேணாமேன்னு தோணின நாளும் இருந்துச்சு. ஆனா மூணு பேர் சேலை கட்டி, பூ வச்சு, கீழே பெஞ்சுல காத்துக்கிட்டு இருப்பாங்கன்னு நினைச்சா போகாம இருக்க முடியல.

இப்ப கணக்கைச் சொல்றோம், மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்லை. வண்டி விலை 10,500 வெள்ளி. சாலை வரி 1,100க்குப் பக்கம். 10 வயசைத் தாண்டின வண்டிக்கு கூடுதல் வரி ஏறிக்கிட்டே போகும், 14 தாண்டினா 50 சதவிகிதம். இன்சூரன்ஸ் 1,300. வீவக கார் நிறுத்துமிடத்துக்கு மாசம் 110 வீதம் 1,320. பெட்ரோல் மாசம் 200 வீதம் 2,400. ஏர்கான் ரிப்பேர், வருஷ சோதனை எல்லாம் சேர்த்து 900. ஈஆர்பி, வெளி பார்க்கிங் 480. மொத்தம் 18,000 வெள்ளி. மாசத்துக்கு 1,500. 10 வருஷம் தாண்டின வண்டிக்கு பார்ஃப் தள்ளுபடியும் கிடையாது. இரும்பு விலைக்கு ஏதோ கொஞ்சம் வரும்.

எங்க வசதிக்கு மட்டும்னா இந்தக் கணக்கு உதைக்குது. அம்மாவோட கோவில் சுத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் டாக்சி பிடிச்சிருந்தாலே இதுல பாதி கூட ஆகியிருக்காது. அதனால இளம் பிள்ளைங்களுக்கு ஒண்ணு சொல்றோம். கல்யாண வீட்டுல என்ன கார்னு கேட்கிறாங்கன்னு கடன்ல போய் விழாதீங்க. பஸ்ல வந்தா அம்மன் திரும்பிக்க மாட்டா. எங்களுக்கு செலவு செஞ்ச காசு மனசை உறுத்தாம இருக்கிறதுக்கு ஒரே காரணம், அந்தப் பின் சீட்டு காலியா ஓடல.

இனிமேதான் முக்கியமான விஷயம்.

பேக்டரியில ஒரு பழைய மெஷினை நிறுத்தறதுன்னா, சுவிட்சை அணைச்சுட்டுப் போயிட மாட்டோம். அந்த மெஷின் செஞ்சுக்கிட்டு இருந்த வேலையை இனி எந்த மெஷின் எடுத்துக்கும், எந்த ஷிப்டு பார்த்துக்கும்னு முதல்ல எழுதணும். அதுக்கப்புறம்தான் பூட்டுப் போட்டு டேக் மாட்டுவோம். அப்படிச் செய்யலைன்னா அடுத்த நாள் லைன் நின்னுடும். எங்க கார் போறதும் அப்படித்தான். எங்களுக்குப் பிரச்சினை இல்லை, நாங்க பஸ்ல வந்துடுவோம். அம்மாவுக்கு டாக்சி பிடிச்சுக்குவோம். ஆனா 16ஆம் தேதி மார்கழி பிறக்கும்போது அந்த மூணு பேர் என்ன பண்ணுவாங்க? வண்டி போகப் போகுதுன்னு அவங்ககிட்ட சொன்னோம். ஒருத்தர், “பரவாயில்லப்பா, முந்தி நடந்துதானே வந்தோம்” அப்படின்னாங்க. அவங்களுக்கு இந்த ஒரு வருஷத்துல ஒரு வயசு கூடியிருக்கே. அந்த மழையும் இருட்டும் அப்படியேதான் இருக்கு.

நம்ம கோவில் வாசல்ல வெள்ளிக்கிழமை எத்தனை கார் நிக்குதுன்னு தொண்டூழியம் செய்யற எங்களுக்குத் தெரியும். வழி விடச் சொல்லி ஓடுறவங்க நாங்கதானே! பாதிக்கு மேல ஒருத்தரோ ரெண்டு பேரோதான் இறங்குறாங்க. குத்தமா சொல்லல. நாங்களும் அப்படித்தான் ஒரு மழை நாள்ல போனோம், மேலே எழுதிட்டோம்.

சிலர் சொல்ற பதிலும் தெரியும். பொறுப்பு நம்ம தலையில விழும், வழியில அவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா என்ன பண்றதுன்னு கேட்பாங்க. நியாயமான பயம்தான். அதனால நாங்க முதல்லயே அவங்க பிள்ளைங்ககிட்ட பேசி, போன் நம்பர் வாங்கிக்கிட்டோம். போய்ச் சேர்ந்ததும் ஒரு மெசேஜ், திரும்பி வந்ததும் ஒரு மெசேஜ். இன்னும் சிலர், பிள்ளைங்க இருக்காங்களே, அவங்க பார்க்க வேண்டியதுதானேன்னு சொல்றாங்க. ஒரு மகன் செக்யூரிட்டி வேலை, 12 மணி நேர ஷிப்டு. ஒரு மக மலேசியாவுல கட்டிக் கொடுத்தது. ஒருத்தருக்கு யாரும் இல்லை. யாரும் வேணும்னு விடல.

கோவில்ல ஒரு வேன் வாங்கலாமேன்னு ஒரு யோசனையும் வந்துச்சு. வந்தா நல்லது. ஆனா அதுக்கு டிரைவர், இன்சூரன்ஸ், சிஓஇ எல்லாம் சேர்ந்து எவ்வளவு ஆகும்னு நீங்களே மேலே பார்த்தீங்க. இருக்கிற காரெல்லாம் அரைகுறையா ஓடும்போது புதுசா ஒண்ணு எதுக்குன்னு எங்களுக்குத் தோணுது.

அதனால நாங்க கேட்கிறது சின்னதுதான். இந்த வெள்ளிக்கிழமையிலேர்ந்து அர்ச்சனை டிக்கெட் கவுண்டர் பக்கத்துல ஒரு நோட்டு வச்சிருப்போம். கார் வச்சிருக்கிறவங்க எந்தப் பக்கத்துலேர்ந்து வர்றீங்க, எந்த நாள், எத்தனை சீட் காலின்னு எழுதுங்க. மாசத்துக்கு ஒரு நாள்னாலும் போதும். மூத்தோர் வீட்டு விலாசத்தை நோட்டுலயோ இங்க பதிவுலயோ யாரும் போட வேணாம், நாங்க நேர்ல சேர்த்து வைக்கிறோம். காசு வாங்கக்கூடாது, கொடுக்கவும் கூடாது. பால் கொண்டு வர்றவங்க மூடி இறுக்கமா இருக்கிற தூக்குல கொண்டு வரணும் (இது அனுபவத்துல சொல்றது!). பெரியவங்களை முதல்ல வாசல்ல இறக்கி விட்டுட்டு அப்புறம் பார்க்கிங் தேடுங்க, தொண்டூழியர் ஒருத்தர் கைபிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போவோம்.

மார்கழிக்கு 30 நாள் இருக்கு. 10 பேர் எழுதினா ஆளுக்கு 3 நாள்தான் வருது.

போன ஞாயித்துக்கிழமை வண்டியைச் சுத்தம் பண்ணோம். சீட்டுக்கு அடியில என்னென்ன இருந்துச்சு தெரியுமா? விபூதிப் பொட்டலம், கொண்டை ஊசி, காஞ்ச மல்லி, ஒரு மூக்குக்கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்காரங்க ஆறு மாசமா அதைத் தேடிக்கிட்டு இருந்தாங்க. பின் சீட்டு ஓரத்துல குங்குமக் கறை, தேய்ச்சும் போகல. முன்னால இருந்த பிள்ளையாரை அம்மா எடுத்து பூசை ரூம்ல வச்சுட்டாங்க.

28ஆம் தேதி கடைசி வெள்ளிக்கிழமை. வாங்கும்போது பூசை போட்டோம், அனுப்பும்போதும் ஒரு கற்பூரம் காட்டிடலாம்னு இருக்கோம். ஐயர்கிட்ட கேட்டோம், தாராளமா கொண்டு வாங்கன்னார். பாட்டிமார் மூணு பேரும் அதுலதான் வருவாங்க. அன்னிக்கு அவங்க இறங்கும்போது, அடுத்த வாரம் இவங்கதான் உங்களைக் கூட்டிட்டு வருவாங்கன்னு யாரையாவது கையைக் காட்டிச் சொல்லணும்னு எங்களுக்கு ஆசை.

அது நீங்களா இருக்கலாம். நோட்டு கவுண்டர் பக்கத்துல இருக்கும், பேனாவும் கட்டி வச்சிருப்போம்.

எழுதினதுல பிழை இருந்தா மன்னிச்சுக்குங்க. கார் வச்சிருக்கிற உங்க தெரிஞ்சவங்களுக்கும் இதை அனுப்பி வைங்க. எல்லாருக்கும் அம்மன் அருள் கிடைக்கட்டும்.

ஓம் சக்தி, பராசக்தி.