சராசரி இருப்பும் ஸ்டக் ஆகுற கேமும்

"அப்பா, கேம் ஸ்டக் ஆகுது. புது கிராஃபிக்ஸ் கார்டு வேணும்." பையன் நச்சரிக்க ஆரம்பிச்சு ரெண்டு வாரமாச்சு. போர்ட் பிளேருக்கு (2024லிருந்து ஸ்ரீ விஜயபுரம்) கடல் தாண்டி வரவேண்டிய சாமான். முதல்ல கணக்கு பார்ப்போம்னேன்.

கோளாறு அவன் அளந்த விதத்துலயும் இருக்கு. காலையில ஒரு காட்சி, ராத்திரி வேற காட்சி. நிழல், டெக்ஸ்ச்சர், ரெசல்யூஷன் மூணையும் ஒண்ணா மாத்திட்டு "பத்து ஃபிரேம் கூடிச்சு"ங்கறான். எதனால கூடிச்சு? தெரியாது. டிரயல் பேலன்ஸ் இடிச்சா பத்து பதிவை ஒரே நேரத்துல திருத்துவோமா?

நான் சொன்னது இதுதான். ஒரு தடவைக்கு ஒரே செட்டிங். அதே காட்சி, கேம்லயே பெஞ்ச்மார்க் இருந்தா இன்னும் நல்லது. வி-சிங்க்கை அணைச்சிடு, இல்லைன்னா 60 ஹெர்ட்ஸ் மானிட்டர்ல எண் 60ஐத் தாண்டாது. இந்த ஊர் புழுக்கத்துல மெஷின் சூடேறினா தானே வேகத்தைக் குறைச்சுக்கும். அதனால கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அப்புறம் மூணு தடவை அள.

முக்கியமா, சராசரியை மட்டும் நம்பாதே. நொடிக்கு 60 ஃபிரேம்னா ஒண்ணுக்கு 16.7 மில்லி செகண்ட். நடுவுல ஒரே ஒரு ஃபிரேம் 100 மில்லி செகண்ட் எடுத்தாலும் அந்த நொடியில 55 ஃபிரேம் வந்துடும். எண் அழகா இருக்கும், கண்ணுக்கு மட்டும் உதறும். மாச சராசரி இருப்பு பிரமாதம், ஆனா 12ஆம் தேதி செக் திரும்பிடுச்சுங்கற கதைதான். அதனால '1 சதவீத லோ'வையும் பாருங்க.

அளந்த பிறகும் கார்டுதான் குறைன்னா வாங்கித் தர்றேன்னு சொல்லியிருக்கேன். நோட்டுப் புத்தகத்துல கட்டம் போட ஆரம்பிச்சிருக்கான்.

உங்க வீட்டுலயும் இதே பஞ்சாயத்தா?