முதலில் காற்று, பிறகு கதகதப்பு

உதகையிலும் கொடைக்கானலிலும் உறைபனிக் காலம் வந்துவிட்டால், குளியலறை வென்டிலேட்டரின் கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவே பழைய செய்தித்தாளைத் திணித்துவிடுகிறார்கள். கதவடியில் சாக்கு. உள்ளே கேஸ் கீசர். குளிர்காற்று நின்றுவிடுகிறது, தீ எரியவும் ஆள் மூச்சுவிடவும் வேண்டிய காற்றும் அதோடு நின்றுவிடுகிறது. நிமிடத்துக்கு 6 லிட்டர் வெந்நீர் தரும் கீசர் 10 நிமிடத்தில் சுமார் 150 கிராம் எரிவாயுவை எரிக்கும். அது முழுமையாக எரிய 2 கிலோவுக்கு மேல் காற்று வேண்டும். 2,200 மீட்டர் உயரத்தில், ஐந்துக்கு ஆறடி அறையில் இருக்கும் மொத்தக் காற்றே ஆறேழு கிலோதான். ஆக்சிஜன் குறையக் குறைய கார்பன் மோனாக்சைடு பெருகும். நிறமோ மணமோ இல்லாத அந்த வாயு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ரத்தத்தில் ஒட்டிக்கொள்கிறது. தலைசுற்றலைக் குளிரின் வேலை என்று நினைத்துக் குளிப்பவர், தாழ்ப்பாளைத் திறக்கும் முன்பே மயங்கி விழலாம்.

காற்றுக்கு வழிவிட்டால் சூடு போய்விடுமே என்பார்கள். போகும், ஆனால் கொஞ்சம்தான். அந்த அறையின் காற்று முழுவதையும் 15 டிகிரி சூடாக்க ஒரு யூனிட் மின்சாரத்தில் முப்பதில் ஒரு பங்குகூட ஆகாது. உண்மையில் நம்மை நடுங்கவைப்பவை சில்லிட்ட சுவரும் தரையும் ஈர உடம்பும்தான். அதற்குச் சுவரில் உயரத்தில் பொருத்தும் கதிர்வீச்சு ஹீட்டர் பொருத்தமானது. 1,000 வாட் ஹீட்டர் கால் மணி நேரம் எரிந்தால் கால் யூனிட். ஸ்விட்ச் வெளியே இருக்கட்டும், இணைப்பில், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கட்டாயம். அறை ஹீட்டரைத் தூக்கி வந்து ஈரத்தரையில் வைப்பது கூடவே கூடாது. எக்ஸாஸ்ட் ஃபேன் நீராவியை வெளியேற்றினால் கூரையில் கறுப்புப் பூஞ்சையும் படராது. ஆனால் கீசர் உள்ளே இருக்கும்போது ஃபேனை மட்டும் மாட்டுவது ஆபத்து. வெளிக்காற்று நுழைய வழியில்லாவிட்டால், புகைக்குழாய் வழியே போகவேண்டிய புகையை அது அறைக்குள்ளேயே இழுத்துவிடும். ஆகவே, கீசரை வெளிச்சுவருக்கு மாற்றுவதுதான் முதல் வேலை.

வாடகை வீட்டில் சுவரை உடைக்க முடியுமா என்ற கேள்வி நியாயமானது. அந்தச் செலவு வீட்டு உரிமையாளருடையது. விடுதிகளில் நிலைமை இன்னும் கவலை தருகிறது. சமவெளியிலிருந்து வரும் குடும்பத்துக்கு இந்த ஆபத்து தெரியாது. குளியலறைக்குள் கேஸ் கீசர் வைத்திருக்கும் விடுதிக்கு உரிமம் புதுப்பிக்கக் கூடாது. கீசர் வெளியே மாறும்வரை, கதவையும் வென்டிலேட்டரையும் திறந்துவைத்து வாளியில் வெந்நீர் பிடியுங்கள். கீசரை அணைத்த பிறகு குளியுங்கள்.