தோல்விக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவே



சில மாதங்களுக்கு முன், மழை விடாது பெய்துகொண்டிருந்த ஒரு மாலைப்பொழுதில், என்னிடம் பயிலும் மாணவன் ஒருவன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். நோர்வூட்டுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றின் லயத்திலிருந்து வருபவன், படிப்பில் நடுத்தரம், சதுரங்கத்திலோ எங்கள் பாடசாலைக்கே பெரும் நம்பிக்கை. நான் இரவல் கொடுத்திருந்த சதுரங்கப் புத்தகத்தை நீட்டி, “இதைத் தந்துவிட்டுப் போக வந்தேன், சேர். இனி நான் விளையாடப் போவதில்லை” என்றான். வலய மட்டப் போட்டிக்கு அப்பொழுது மூன்று கிழமைகளே இருந்தன.

உள்ளே அழைத்து அமரச் செய்து காரணம் கேட்டேன். முந்திய இரவு கைத்தொலைபேசியில், முகமறியாத எதிராளிகளுடன் சதுரங்கம் ஆடியிருக்கிறான். முதல் ஆட்டத்தில் தோல்வி. அதை ஈடுசெய்ய இரண்டாவது ஆட்டம், அதிலும் தோல்வி. இரண்டையும் ஈடுசெய்ய மூன்றாவது. இவ்வாறு நள்ளிரவு கடக்கும் வரை பதினொரு ஆட்டங்கள், பதினொன்றிலும் தோல்வி! பல மாதங்கள் பாடுபட்டுச் சேர்த்த தரப்புள்ளிகள் ஓரிரவிற் சரிந்தன. “ஒரு கிழமை நன்றாக ஆடுகிறேன், மறுகிழமை ஒன்றுமே அறியாதவன் போல் ஆடுகிறேன். எனக்குத் திறமை இல்லை, சேர்” என்று அவன் கூறியபோது குரல் தழுதழுத்தது.

அவனைப் பார்த்தபொழுது எனக்கு என் இளமைதான் நினைவுக்கு வந்தது. கல்லூரி நாட்களில் நானும் சதுரங்கம் ஆடினேன். ஒரு போட்டியின் முதற் சுற்றில் வெல்ல வேண்டிய ஆட்டத்தைக் கவனக்குறைவாற் பறிகொடுத்தேன். அந்த ஆத்திரம் தணியுமுன் அடுத்த ஆட்டத்துக்கு அமர்ந்தேன். விரைந்து வென்று காட்ட எண்ணி விரைந்து தோற்றேன். அன்று மாலைக்குள் நான்கு தோல்விகள். அதன் பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் நான் எந்தப் போட்டியிலும் காய் நகர்த்தவில்லை. முதல் தோல்வியை எனக்குத் தந்தவன் எதிராளி. மற்ற மூன்றையும் எனக்கு நானே தந்துகொண்டேன் என்பதை எடுத்துச் சொல்ல அன்று எனக்கு எவரும் இருக்கவில்லை. ஆகையால், அந்தப் பையனுக்குச் சொன்னதையே இன்று உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

தோல்வித் தொடரின் கதை நமக்குப் புதியதா? மகாபாரதத்தின் சபா பருவத்தை எண்ணிப் பாருங்கள். தருமபுத்திரன் அறிவிலியா? அல்லன். அறத்தின் நுட்பமறிந்தவன். ஆயினும் அந்தச் சபையில் அமர்ந்து பொருளைத் தோற்றான்; நாட்டைத் தோற்றான்; தம்பியரைத் தோற்றான்; தன்னையே தோற்றான்; இறுதியில் திரௌபதியையும் வைத்திழந்தான். சகுனியின் வஞ்சம் ஒருபுறமிருக்க, தருமனின் கையைப் பிடித்திழுத்தது எது? இழந்ததை அடுத்த உருட்டிலேயே மீட்டுவிடலாம் என்னும் எண்ணமன்றோ? ஒவ்வோர் இழப்பும் அடுத்த பணயத்தைப் பெரிதாக்கிற்று. எழுந்து வெளியே சென்று, சற்றே காற்று வாங்கி வர அவனுக்கு ஓர் இடைவெளி இருக்கவில்லை. அவனும் அதைத் தேடவில்லை.

இக்காலத்துக் கைத்தொலைபேசி ஆட்டங்களும் அந்தச் சபையைப் போன்றவையே. ஆட்டம் முடிந்த கணமே “மறுபடியும்” என்றொரு பொத்தான் ஒளிர்கிறது. அதைத் தொடுவதற்கு ஒரு நொடியும் வேண்டியதில்லை. தோற்ற மனம் ஆறுவதற்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்பதை அந்தப் பொத்தான் அறியாது. நாம்தான் அறிந்திருக்க வேண்டும்.

தொடர்ந்து தோற்பதனாலேயே திறமை இல்லையென்று முடிவு கட்டலாகாது என்பதற்குக் கணிதமும் சான்று பகர்கின்றது. ஒரு நாணயத்தை நூறு முறை சுண்டிப் பாருங்கள். இடையில் எங்கேனும் ஐந்து முறை தொடர்ந்து பூவே விழுவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 81 விழுக்காடு! அந்த நாணயத்தில் குறையேதும் இல்லை. அதுபோலவே, சம வலிமையுள்ள இருவர் வெற்றி தோல்வியாகவே முடியும் நூறு ஆட்டங்களை ஆடுவாராயின், ஒருவர் ஒருமுறையேனும் ஐந்து ஆட்டங்களைத் தொடர்ந்து தோற்பது வியப்பன்று, தோற்காதிருந்தாற்றான் வியப்பு. ஆகவே ஒரு தொடரின் தொடக்கம் வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால், அந்தத் தற்செயலைக் கண்டு அஞ்சி, ஆத்திரமுற்று, நம் ஆட்டத்தையே மாற்றிக்கொள்வோமாயின், ஐந்தில் நிற்க வேண்டியது பதினொன்றில் முடிகிறது.

வல்லவர்கள் இதிலிருந்து தப்பினரா எனக் கேட்பீர்கள். தப்பவில்லை. 1995 ஆம் ஆண்டு நியூயோர்க் நகரில், சதுரங்கப் பேரரசராக விளங்கிய கஸ்பரோவை எதிர்த்து ஆடினார் தமிழகத்தின் விஸ்வநாதன் ஆனந்த். முதல் எட்டு ஆட்டங்களும் சமநிலை. ஒன்பதாவதில் ஆனந்துக்கு வெற்றி! உலகமே வியந்தது. ஆனால் பத்தாவதிலும் பதினோராவதிலும் தோல்வி, பன்னிரண்டாவது சமநிலை, பதின்மூன்றிலும் பதினான்கிலும் மீண்டும் தோல்வி. முன்னணியில் நின்றவர் அடுத்த ஐந்து ஆட்டங்களில் நான்கை இழந்தார், பட்டமும் கைநழுவிற்று. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

அதே ஆனந்த், பதினேழு ஆண்டுகள் கழித்து, 2012 ஆம் ஆண்டு மே மாதம் மொஸ்கோவில் கெல்ஃபாண்டுடன் உலகப் பட்டத்துக்காக ஆடினார். ஆறு ஆட்டங்கள் சமநிலை, ஏழாவதில் தோல்வி. மறுநாளே எட்டாவது ஆட்டம். பழைய கதை திரும்புமோ எனப் பலரும் அஞ்சினர். அவரோ பதினேழே நகர்த்தல்களில் அந்த ஆட்டத்தை வென்று கணக்கைச் சமன் செய்தார். ஈற்றில் பட்டத்தையும் தக்கவைத்துக்கொண்டார். 1995 இலும் தோல்வி வந்தது. 2012 இலும் வந்தது. தோல்விக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவே அவர் மனம் நின்ற நிலைதான் வேறு.

சென்னையைச் சேர்ந்த குகேஷின் கதை இன்றைய மாணவருக்கு இன்னும் நெருக்கமானது. 2024 ஆம் ஆண்டு கனடாவின் டொரொன்டோ நகரில், உலகச் சம்பியனுடன் மோதும் தகுதிக்கான போட்டி நடைபெற்றது. பதினான்கு சுற்றுகள் கொண்ட அப்போட்டியின் ஏழாவது சுற்றில், பதினேழு வயதுக் குகேஷ், ஃபிரூஜா என்பவரிடம் நெருக்கடியான நேரத்திற் பிழைவிட்டுத் தோற்றார். மறுநாள் ஓய்வு நாள். எட்டாவது சுற்றில் கறுப்புக் காய்களுடன் ஆடி வென்றார், போட்டியையும் வென்றார். தாம் வெல்லக்கூடும் என்ற உணர்வு அந்தத் தோல்விக்குப் பின்னரே தமக்குப் பிறந்தது என்ற கருத்தை அவர் பின்னர் வெளியிட்டார். அவ்வாண்டு டிசம்பரில் சிங்கப்பூரில், முதல் ஆட்டத்திலும் பன்னிரண்டாவது ஆட்டத்திலும் டிங் லிரெனிடம் தோற்ற பின்னரும், பதினான்காவது ஆட்டத்தில் வென்று பதினெட்டு வயதில் உலகப் பட்டம் சூடினார்.

இத்துடன் கதை சுபமாய் முடிந்ததா? இல்லை. 2025 செப்டெம்பரில் உஸ்பெகிஸ்தானின் சமர்கண்ட் நகரில் நடந்த போட்டியில், உலகச் சம்பியனாகவே சென்ற அவர், ஐந்தாம் ஆறாம் ஏழாம் சுற்றுகளில் மூன்று முறை தொடர்ந்து தோற்றார். அம்மூவரும் தரவரிசையில் அவருக்குக் கீழிருந்தவர்களே. உலகச் சம்பியனுக்கே இந்த நிலை! அந்தத் தொடர் எவ்வாறு அறுந்தது தெரியுமா? ஒரு வெற்றியினால் அன்று. எட்டாவது சுற்றில் கிடைத்த ஒரு சமநிலையினால். இதை மாணவர்கள் கருத்தில் இருத்த வேண்டும். வழுக்குப் பாதையில் விழுந்தவன் முதலிற் செய்ய வேண்டியது ஓடுவதன்று, எழுந்து நிற்பது.

நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. மாவன் அத்தப்பத்து 1990 ஆம் ஆண்டு இந்தியாவின் சண்டிகரில் தமது முதல் டெஸ்ட் கிரிக்கெட் ஆட்டத்தில் ஆடினார். இரு இன்னிங்சிலும் பூச்சியம். 1992 இல் அவுஸ்திரேலியாவுக்கு எதிராகப் பூச்சியமும் ஒன்றும். 1994 இல் மீண்டும் இந்தியாவுக்கு எதிராக இரு பூச்சியங்கள். மூன்று ஆண்டுகளுக்கு மேல், ஆறு இன்னிங்ஸ், ஒரேயோர் ஓட்டம்! நம்மில் எத்தனை பேர் அதன் பின் மட்டையைத் தொட்டிருப்போம்? அவரோ ஒவ்வொரு முறையும் உள்ளூர்ப் போட்டிகளுக்குத் திரும்பிச் சென்று ஓட்டங்களைக் குவித்தார். தமது முதல் டெஸ்ட் சதத்தை 1997 இல், சண்டிகருக்கு அயலிலுள்ள மொஹாலியில் அடித்தார். இலங்கை அணிக்குத் தலைமை தாங்கி, பதினாறு சதங்களுடன் 5,502 டெஸ்ட் ஓட்டங்கள் பெற்று 2007 இல் ஓய்வு பெற்றார்.

இனி, மீண்டும் பாரதத்துக்கு வருவோம். சூதில் யாவற்றையும் இழந்து வனத்தில் வருந்தியிருந்த தருமனுக்கு, பிருகதசுவ முனிவர் கூறிய கதை எது? நளன் கதை. நளனும் புட்கரனுடன் சூதாடி நாடிழந்தவனே. ஆனால், தோற்ற நளன் அன்றே மறுபடியும் காய் உருட்டவில்லை. காட்டில் அலைந்தான், உருமாறி இருதுபன்ன மன்னனுக்குத் தேரோட்டினான், அவனிடமிருந்து கவறாடலின் நுட்பத்தைக் கற்றான், அதன் பின்னரே திரும்பி வந்து புட்கரனை வென்றான். தருமனும் அந்த முனிவரிடம் அந்த நுட்பத்தைப் பின்னர் கற்றுக்கொண்டதாகப் பாரதம் கூறுகிறது. நான் சூதைப் போற்றுவதாக எவரும் எண்ண வேண்டா. அதனை வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்துக் கடிந்தாரன்றோ? நான் சுட்டுவது ஒன்றே: இடையிற் கற்காமல் மீண்டும் அமர்ந்தவன் மேலும் இழந்தான், இடையிற் கற்று வந்தவன் இழந்ததைப் பெற்றான்.

ஆகவே அந்தப் பையனுக்கு மூன்று விதிகளைக் கூறினேன். முதலாவது: ஒரே நாளில் இரு முறை தொடர்ந்து தோற்றால், அன்று மூன்றாவது ஆட்டம் இல்லை. கைத்தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிடு. இரண்டாவது: தோற்ற ஆட்டத்தை மறுநாள், உறங்கி எழுந்த தெளிந்த மனத்துடன் எடுத்துப் பார். சதுரங்கப் போட்டியில் ஒவ்வொரு நகர்த்தலையும் எழுதி வைப்பது வெறும் சம்பிரதாயம் அன்று. எங்கே பிழைத்தாய்? தொடக்கத்திலா, நேரம் போதாமையிலா, களைப்பிலா? ஒரேயொரு பிழையைக் கண்டுபிடித்து ஒரு வரியில் எழுது. மூன்றாவது: உன் தரத்தை ஒரு நாளைக் கொண்டு அளவிடாதே, மாதத்தைக் கொண்டு அளவிடு.

இந்த மூன்றாவது விதியை எனக்கு விளங்க வைத்தவர் அவனுடைய தாயார். இரண்டொரு நாள் கழித்துக் கடைத்தெருவில் அவரைக் கண்டேன். கொழுந்து பறிப்பவர். விடயத்தைக் கூறியதும் சிரித்தார். “மழைக்கு ஒரு நாள் கொழுந்து நிறைய வரும், மாஸ்டர். வெயில் காய்ந்தால் கூடையின் அடி தெரியும். அதற்காக மலையைக் குறை சொல்ல முடியுமா? என் கையைத்தான் குறை சொல்ல முடியுமா?” என்றார். நான் நூல்களிற் படித்ததை அந்த அம்மையார் கூடையிற் படித்திருக்கிறார்!

வலய மட்டப் போட்டி நடந்தது. முதற் சுற்றில் அவன் தோற்றான். பலகையை விட்டெழுந்து வெளியே வந்தவனை நான் ஒன்றும் கேட்கவில்லை. சட்டைப்பையிலிருந்து சிறு கடதாசியொன்றை எடுத்து ஒரு வரி எழுதினான்; பிளாஸ்கிலிருந்த தேநீரை ஊற்றிக் குடித்தான்; எதிரே மலையை மூடியிருந்த பனிமூட்டத்தைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டாவது சுற்று சமநிலை. அடுத்த இரண்டிலும் வெற்றி. கடைசிச் சுற்றில் மறுபடி தோல்வி. கிண்ணம் வேறொரு பாடசாலைக்குப் போயிற்று.

திரும்பி வரும் வழியில், பேருந்தில் என்னருகே அமர்ந்திருந்தவன், “சேர், அந்தப் புத்தகம் இன்னும் ஒரு மாதத்துக்கு வேண்டும்” என்றான். நானும் சென்ற ஞாயிறன்று, பல ஆண்டுகளாகப் பரணிற் கிடந்த என் சதுரங்கப் பலகையைத் துடைத்தெடுத்தேன். அவனோடு ஆடினேன், தோற்றேன். மறு ஆட்டம் அடுத்த ஞாயிறன்றுதான்.